ஒரகடத்து லாக்கரில் ஒரு கத்திரித் தோட்டம்

புதிய தோட்டத்தைப் பதிவு செய்யும்போது நம் திரை இரண்டு போன் எண்களைக் கேட்கும். போன வாரம், புதிதாகச் சேர்ந்த உங்கள் மூன்று பேருக்கும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பெட்டியில் அடித்த எண்ணையே நகலெடுத்து இரண்டாவது பெட்டியிலும் ஒட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனீர்கள். மூன்று பேரும் அதையேதான் செய்தீர்கள். உங்கள்மேல் தப்பில்லை. இரண்டாவது பெட்டி காலியாக இருந்தால் திரை நகராது. ஏன் நகராது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமையோடு இந்த இருக்கையை விட்டுவிட்டு விழுப்புரம் பக்கம் தொடங்கும் புதுக் குழுவுக்குப் போகிறேன். ஓய்வு பெறும் வயதெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் இந்த மேசையில் என்னைவிட அதிக நாள் உட்கார்ந்தவர் இப்போது அலுவலகத்தில் யாரும் இல்லை என்பதால், ஓய்வு பெற்றவர்களுக்கு உரிய ஒரு சலுகையை எடுத்துக்கொள்கிறேன். அறிவுரை போலத் தோன்றும் இடங்களைத் தாண்டிப் படித்துவிடுங்கள். கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கதைக்குத் தேவைப்படுகிறது. எங்கள் வீடு அனகாபுத்தூரில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அம்மா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்குப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. செயற்கைக்கோள் படம், மண்ணில் குத்திவைத்த சென்சார், வானிலைக் கணிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்து, இன்றைக்குத் தண்ணீர் விடலாமா வேண்டாமா என்று விவசாயிக்குச் சொல்வது என்றேன். அம்மா அதைச் சுருக்கித் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "என் பொண்ணு வானத்துலேர்ந்து வயல பாக்குது." அதற்கு மேல் துல்லியமாக நம் வேலையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் நிறுவனத்தின் அறிமுகப் படத்தில் வரும் வாசகமும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில் படப்பைப் பகுதி நம் திரையில் சிவப்பாக இருந்தது. கூடுவாஞ்சேரிப் பக்கத்துத் தோட்டங்கள் பச்சை. நாம் விடிந்ததும் அனுப்பும் செய்தியை அங்கே உடனே திறக்கிறார்கள். வேண்டாம் என்றால் தண்ணீர் விடுவதில்லை. படப்பையில் செய்தியைப் பிற்பகலில் சாவகாசமாகத் திறக்கிறார்கள். அதற்குள் தண்ணீர் பாய்ந்து முடிந்திருக்கும். மண்ணில் ஈரம் சட்டென்று ஏறுவதைச் சென்சார் காட்டிவிடும், மறைக்க முடியாது. நாம் "வேண்டாம்" என்று சொன்ன நாளிலும் தோட்டம் நனைந்துகொண்டிருந்தது.

எல்லோருக்கும் காரணம் தெரிந்தமாதிரிதான் இருந்தது. படப்பைக்காரர்கள் பாதிப்பேர் ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள், விவசாயம் அவர்களுக்குப் பகுதிநேரம், ஆர்வம் இல்லை. நஸீர் சார் அப்போது நம் பகுதி மேலாளர். செங்கல்பட்டைத் தாண்டி ஒரு கிராமம் சென்சார் கேட்டு அவரிடம் பலமுறை வந்து போயிருந்தது. நம்மிடம் கைவசம் ஒன்றும் இல்லை. படப்பையில் இருப்பதைப் பிடுங்கி அங்கே வைப்பது என்று அவர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். மாதக் கடைசிக் கூட்டத்தில் அதைச் சொல்லி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. அதில் காட்டும் வரைபடங்களை நான் தயார் செய்ய வேண்டும்.

அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மழை நாளில் நம் எல்லோருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கிவந்து, தான் ஒன்றுகூடச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். அவர் சொன்னது இதுதான்: "சும்மா கிடக்கிற சென்சார் ஒவ்வொண்ணும் இன்னொருத்தர் தோட்டத்துல இருக்க வேண்டியதும்மா." அது சரியான பேச்சு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

படங்களைச் செய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் எனக்கு ஒரு போன் வந்தது. எங்கள் வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டரோடு நின்றுகொண்டிருந்த பையன்.

"அக்கா, ஓடிபி சொல்லுக்கா. வெயில்ல நின்னுகினு கீறேன்."

ஓடிபி அம்மா போனுக்கு வரும். அம்மா போன் ஒரகடத்தில் தொழிற்சாலை வாசலில் ஒரு லாக்கருக்குள் இருக்கும். உள்ளே போன் கொண்டுபோக அனுமதியில்லை. வேலை முடிந்து வெளியே வந்து லாக்கரைத் திறக்கும்வரை அம்மாவுக்கு உலகத்தில் நடப்பது எதுவும் தெரியாது. சிலிண்டர் அனகாபுத்தூரில், அதன் எண் ஒரகடத்தில். சாயந்தரம் வா என்று பையனிடம் கெஞ்சினேன். "உங்க தெருவுல பாதி வூடு இதே கததாங்க்கா," என்று சலித்துக்கொண்டு போனான்.

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். படப்பையின் செய்திகள் திறக்கப்படும் நேரம், பிற்பகலில் ஒரு மேடு. அது முதல் ஷிப்ட் விடும் நேரம்.

பகுதியின் சராசரியை மூடிவிட்டு ஒவ்வொரு தோட்டமாகப் பிரித்தேன். பிறகு வாரம் வாரமாகப் பிரித்தேன். முதலில் எடுத்த தோட்டம் பாஸ்கர் என்பவருடையது, கத்திரி போட்டிருந்தார். ஒரு வாரம் முழுக்க அவர் செய்தியைப் பிற்பகலில் திறக்கிறார். அடுத்த வாரம் முழுக்க வந்த உடனேயே திறக்கிறார். அதற்கடுத்த வாரம், அனுப்பிக் கொஞ்ச நேரம் கழித்து, ஆனால் காலையிலேயே. பிறகு மறுபடியும் பிற்பகல். மாடிப்படி மாதிரி அழகாக இருந்தது. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், இரவு ஷிப்ட். ஆர்வமில்லாத ஒருவர் இவ்வளவு ஒழுங்காக ஆர்வமில்லாமல் இருக்க மாட்டார்.

இதைத்தான் நான் இரண்டு முறை சரிபார்த்தேன்: இரண்டாம் ஷிப்ட் வாரங்களில், அதாவது பாஸ்கர் காலையில் வீட்டில் இருக்கும் வாரங்களில், அந்தத் தோட்டம் நாம் சொன்னபடி நடந்திருக்கிறது. வேண்டாம் என்ற நாளில் ஈரம் ஏறவே இல்லை. கூடுவாஞ்சேரியைவிடச் சுத்தம். முதல் ஷிப்ட் வாரத்தில் சொன்னது எதுவும் நடக்கவில்லை. இரவு ஷிப்ட் வாரத்தில் பாதிக்குப் பாதி. இந்த மூன்றையும் கூட்டி வகுத்துத்தான் நாம் சிவப்பு அடித்திருந்தோம்.

மறுநாள் படப்பை பஸ் ஏறினேன். பாஸ்கருக்கு அது முதல் ஷிப்ட் வாரம். தோட்டத்தில் அவர் மனைவி சுமதி இருந்தார். நம் பதிவில் அந்தப் பெயரே கிடையாது. சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாத்தியில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று செய்தி அனுப்பியிருந்தோமே அக்கா, என்று கேட்டேன்.

"எனக்கு எங்க அனுப்புன? அவர் போனுக்கு வரும். வூட்ல இருந்தா சொல்லுவாரு."

இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது சொல்வாரா என்றேன்.

"பஸ்லயே படிச்சிடுவாராம். வந்ததும் கட்டில்ல உளுந்துடுவாரு. சில நாள் தூக்கத்துலயே சொல்லுவாரு, தண்ணி வேணாம், தண்ணி வேணாம்னு. குடிக்கிற தண்ணின்னு நெனச்சுக்குவேன்."

சிரித்துவிட்டு, நட்டுவைத்திருந்த நம் சென்சாரை மண்வெட்டிக் காம்பால் காட்டினார். "இந்தக் குச்சி என் காலாண்டயேதான் கீது. எனக்கு ஒரு வார்த்த சொல்றதில்ல. வானத்துக்குச் சொல்லி, உங்களுக்குச் சொல்லி, அவருக்குச் சொல்லி, அவர் வர்றதுக்குள்ள எனக்கு முற முடிஞ்சிடுது."

முறை என்று அவர் சொன்னதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கிணறு மூன்று குடும்பத்துக்குப் பொது. மூன்றிலும் ஆண்கள் கம்பெனிக்குப் போகிறவர்கள். பகலில் மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்தை மூன்றாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். சுமதிக்குக் கடைசிப் பங்கு, உச்சி வேளைக்குள் முடிந்துவிடும். தன் முறையில் மோட்டார் போடாவிட்டால் அந்தத் தண்ணீர் போனது போனதுதான். அதனால் தேவையோ இல்லையோ, மூன்று வீட்டிலும் முறை வந்தால் மோட்டார் ஓடும். கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் பாறை தெரிய ஆரம்பித்திருந்தது. கத்திரி அப்போதுதான் பூவெடுத்திருந்தது. இப்படியே இறைத்தால் பாதிக் காய் பறிப்பதற்குள் கிணறு வறண்டுவிடும். தேவைப்படாத நாளில் மூன்று பேரும் நிறுத்தினால் கடைசிப் பறிப்புவரை தாங்கும். எந்த நாள் தேவைப்படாத நாள் என்று சொல்லக்கூடிய, மூன்று தோட்டத்திலும் நின்ற குச்சிகளைத்தான் நாம் பிடுங்கிக்கொண்டு போக இருந்தோம்.

சுமதியிடம் போன் இருந்தது. எண்ணை வாங்கிக்கொண்டேன். இவ்வளவுதானே, எண்ணை மாற்றிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். பதிவை மாற்றப் பாஸ்கர் சம்மதிக்க வேண்டும். அவர் வரும் கம்பெனி பஸ்ஸுக்காகப் படப்பை நிறுத்தத்தில் காத்திருந்தேன்.

பஸ் நின்றது. பாஸ்கர் இறங்கி, நான் யார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"இன்னா ஜமீன்தார், ஸ்டாப்பாண்டயே அதிகாரிங்க வந்துட்டாங்க, பட்டா மாத்தவா?"

பாஸ்கர் அவர்களைப் பார்த்துக் கையை வீசினார். எனக்கு டீ சொன்னார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்த சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. நான் ஏதோ கணக்குத் தப்பாகப் பேசிவிட்டேன் என்று புரிந்தது. எது என்று புரியவில்லை.

"அப்போ என்னைத் தூக்கிட்டு அவளப் போடுறீங்க," என்றார்.

தூக்குவதெல்லாம் இல்லை, செய்தி மட்டும் அக்காவுக்கு வரும் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். "மேடம், லாக்கரத் தொறந்தா எல்லார் போன்லயும் லோன்காரன் மெசேஜ்தான் கீது. என் போன்ல மட்டும்தான் 'உங்கள் தோட்டத்தில்'னு வருது. அத பஸ்ல சத்தமா படிப்பேன். அதுக்குத்தான் அவனுங்க ஜமீன்தார்னு கலாய்க்கிறானுங்க. உள்ள எட்டு மணி நேரம் போல்ட்டு முடுக்கிறேன். வெளிய வந்து அதப் படிச்சாதான் நான் வெவசாயி. அதுவும் போச்சுன்னா நான் வெறும் கம்பெனி ஆளு."

மாற்ற வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

நான் தாம்பரத்தில் நம் அலுவலகத்துக்குத் திரும்பினேன். கூட்டம் மறுநாள் காலையில். எண்ணை மாற்றும் அனுமதி என் கணினியிலேயே இருந்தது. யார் செய்தது என்று பதிவாகாத ஒரு மாற்றம், இரண்டு சொடுக்கு. சுமதிக்கு நல்லது, கிணற்றுக்கு நல்லது, நம் பச்சை நிறத்துக்கும் நல்லது. சரியான தரவு கையில் இருக்கும்போது வரும் ஆசை இது, உங்களுக்கும் வரும். விரலை மவுஸின்மேல் வைத்துக்கொண்டு, நாளைக்கு அவர் லாக்கரைத் திறப்பதை நினைத்துப் பார்த்தேன். பஸ்ஸில் நண்பர்கள் "இன்னா ஜமீன்தார், இன்னிக்குத் தண்ணி உண்டா?" என்று கேட்பார்கள். அவர் போனைப் பார்ப்பார். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. அதோடு, நிலம் அவர் பெயரில். மனசு கசந்து அந்தக் குச்சியைப் பிடுங்கி எறிந்தால் கேட்க எனக்கு வாயில்லை. கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அம்மா சிலிண்டர் பையனைத் திட்டிக்கொண்டே சமைத்தார். முந்தின நாள் வராதவன் அன்றைக்குச் சாயந்தரம்தான் வந்திருக்கிறான், அம்மா வெளியே வந்ததும் ஓடிபியைச் சொல்லியிருக்கிறார். நான், ஓடிபியை அப்பா போனுக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். அம்மா கரண்டியோடு திரும்பினார். "அது என் பேர்ல கீற கனெக்ஷன். அவருக்கு எதுக்கு? வேணும்னா அவருக்கும் அனுப்பச் சொல்லு."

அவருக்கும். ஒரு எழுத்துதான். நான் சாப்பிடாமல் எழுந்துபோய்ப் படங்களை முதலிலிருந்து மாற்ற ஆரம்பித்தேன்.

மறுநாள் கூட்டத்தில் மாடிப்படிப் படத்தைப் போட்டேன். நஸீர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஷிப்ட் என்று நான் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார். ஆனால் இரண்டு எண் வேண்டும் என்றதும் மறுத்துத் தலையை ஆட்டினார். காலையில் மனைவிக்குக் குரலில் ஒரு செய்தி, ஷிப்ட் விடும்போது கணவனுக்கு எழுத்தில் ஒரு செய்தி, இன்றைக்கு உங்கள் தோட்டத்தில் என்ன நடந்தது என்று. சென்சாருக்குத் தெரிந்ததுதானே, சொன்னால் என்ன என்றேன்.

"நம்ம வேலை செடிக்குத் தண்ணி சொல்றது. புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்து நமக்கு எதுக்கும்மா?"

"சார், செய்தி அந்த வீட்டுக்குள்ளதான் சார் தொலையுது. வானத்துலேர்ந்து படப்பை வரைக்கும் ஒழுங்கா வருது," என்றேன்.

மென்பொருள் எழுதும் நண்பர், ஒரு தோட்டத்துக்கு ஒரு எண்ணுக்குத்தான் அட்டவணையில் இடம் இருக்கிறது, அடியிலிருந்து மாற்ற வேண்டும் என்று முனகினார். நஸீர் சார் செங்கல்பட்டுக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தார். அது அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில் சொன்னார்: "ஒரே ஒரு கிணறு. அடுத்த கூட்டம் வரைக்கும். கிணறு தாங்கலன்னா நானே போய்ப் பிடுங்கிட்டு வந்துருவேன்."

பாஸ்கருக்கு நானே போன் செய்து சொன்னேன். உங்கள் செய்தி நிற்காது, அக்காவுக்கும் ஒன்று போகும் என்றேன். சந்தேகமாகத்தான் சரி என்றார். அந்தக் கிணற்றின் மற்ற இரண்டு வீட்டிலும் பெண்களின் எண்ணைச் சேர்த்தோம். குரல் செய்தியை என் குரலிலேயே பதிவு செய்தோம். நம் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். கீழே பாத்திரக் கடையில் யாரோ குண்டானைக் கீழே போட்ட சத்தமும் அதில் விழுந்துவிட்டது. இன்றைக்கும் உன்னிப்பாகக் கேட்டால் கேட்கும்.

ஐந்தாறு நாள் நன்றாகப் போனது. சுமதி ஒரு முறையை விட்டுக்கொடுத்தார். அதைப் பார்த்து மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் ஆளுக்கு ஒன்று விட்டார்கள். பிறகு வெயில் ஏறியது. படப்பை ரோட்டில் தார் இளகிய நாட்கள் அவை. பாஸ்கருக்கு மறுபடியும் முதல் ஷிப்ட் வந்த வாரத்தில் அப்படி ஒரு நாள், நாம் காலையில் "வேண்டாம்" சொல்லியிருந்த நாள், உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் சுமதி என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, எல எல்லாம் தொங்கிப் போச்சு. தோட்டம் மொத்தமும் தல கவுந்துகினு நிக்குது. நீ வேணாம்னு சொல்லிகீற. என் முற முடியப் போவுது. மோட்டார் போடட்டா வேணாமா, இப்பவே சொல்லு."

திரையில் ஈரம் நன்றாக இருப்பதாகக் காட்டியது. ஆனால் சென்சார் என்பது தோட்டத்தின் ஒரு இடத்தில் நிற்கும் ஒரு குச்சி. மண் வெடித்துக் காற்று புகுந்திருந்தால் அது சொல்வது எதற்கும் உதவாது. நான் தண்ணீர் விடச் சொல்லலாம். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அந்த அக்காவுக்கும் பயம் போகும். ஆனால் பயந்த நாளிலெல்லாம் மோட்டார் ஓடினால் இந்தக் கிணறு பழையபடிதான் போகும். நாளைக்கு மற்ற இரண்டு வீடும் ஓட்டும். விடாதே என்று சொல்லிப் பூ உதிர்ந்தால், அந்த வீட்டில் சுமதி பேச்சுக்கு இனி மதிப்பிருக்காது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

இங்கே ஒன்று சொல்கிறேன். திரை ஒன்று சொல்லி, தோட்டத்தில் நிற்பவர் கண் இன்னொன்று சொன்னால், இரண்டில் ஒன்றை உடனே நம்பிவிடாதீர்கள். மூன்றாவதாக ஒன்றைக் கேளுங்கள். விடிகாலையில் இலை எப்படி இருந்தது அக்கா, என்றேன்.

யோசித்தார். "காலைல நிமுந்துதான் இருந்துச்சு. கொத்தும்போது பார்த்தேனே."

குச்சியை விட்டுத் தள்ளி, தோட்டத்தின் மறுகோடியில் ஒரு செடியடியில் ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். போனைப் பாத்தி மேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கு மோட்டார் கொட்டகையில் யாரோ பேசுவதும் ஒரு காக்கையும் மட்டும் கேட்டன. நஸீர் சார் என் மேசைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

சுமதி திரும்பி வந்தார். "உருண்ட புடிக்கிது. ஜில்லுன்னு கீது."

"அப்போ வெயிலுக்குத் தலை கவுத்திருக்கு அக்கா. சாயந்தரம் நிமிந்துடும். வேணாம்."



"இன்னொரு தபா சொல்லு," என்றார்.

"வேணாம் அக்கா."

"செரி," என்றார். போன் அணையும் முன், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவர் சொன்னது கேட்டது: "நான் போடல. நீயே வேணும்னா எடுத்துக்கோ." அந்தப் பெண், நீ போடாதபோது எனக்கு மட்டும் என்ன என்று சொன்னதும் கேட்டது.

அன்றைக்குப் பிற்பகல் நான் வேலையே செய்யவில்லை. ஷிப்ட் விடும் நேரத்துக்குப் பாஸ்கருக்குச் செய்தி போனது: "உங்கள் தோட்டத்தில் இன்று தண்ணீர் விடவில்லை. சுமதி மண்ணைப் பார்த்து முடிவு செய்தார்." இரண்டாவது வாக்கியத்தை நான் கையால் சேர்த்தேன். வழக்கமாக இயந்திரம் எழுதும் செய்தி அது.

உடனே போன் வந்தது. பஸ் இரைச்சல். "இன்னா மேடம், இந்த வெயில்ல தண்ணி வுடலியா? செடி நிக்குமா?" என்றார். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நஸீர் சார் ஒரு பஜ்ஜிப் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மழையே இல்லாத நாளில் அவர் பஜ்ஜி வாங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெயில் தாழ்ந்தபின் ஒரு புகைப்படம் வந்தது. கத்திரித் தோட்டம். இலைகள் நிமிர்ந்து விரிந்து நின்றன. ஓரத்தில் கம்பெனிச் சட்டையோடு சுமதி, படம் எடுக்கிறவரை முறைத்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு வரி: "மேடம் நாளைக்கும் சுமதின்னு பேர் போட்டே அனுப்புங்க பஸ்ல படிக்கணும்."

கிணறு கடைசிப் பறிப்புவரை தாங்கியது. தாராளமாக அல்ல, கடைசி வாரங்களில் மூன்று பெண்களும் காலையில் கிணற்றடியில் கூடி, யார் தோட்டத்துக்கு வேண்டும் என்று செய்தி வந்திருக்கிறதோ அவர்களுக்கு முறையைக் கொடுத்துக்கொண்டார்கள். அதை நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நஸீர் சார் படப்பைச் சென்சார்களைத் தொடவில்லை. செங்கல்பட்டுக்காரர்களுக்காகத் தலைமை அலுவலகத்தோடு சண்டை போட்டுப் புதிதாக வாங்கினார். கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது, அந்தத் தாமதம் அவர்களுக்கு நஷ்டம்தான். நம் பதிவுத் திரையில் இரண்டாவது பெட்டி வந்தது அப்போதுதான். அதன் மேல் "மாற்று எண்" என்று எழுதியிருக்கிறது. அந்தத் தலைப்பு எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றச் சொல்லியிருக்கிறேன். காலையில் தோட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் எண்ணை அதில் போடுங்கள். முதல் எண்ணை எடுத்துவிடாதீர்கள்.

பாஸ்கர் இன்னும் பஸ்ஸில் சத்தமாகப் படிக்கிறார். நண்பர்கள் கேள்வியை மட்டும் மாற்றிவிட்டார்களாம்: "இன்னா ஜமீன்தார், வூட்ல இன்னிக்கு இன்னா உத்தரவு?"

போன வாரம் சுமதி அக்காவிடம் விடைபெறப் போயிருந்தேன். இப்போது வெண்டை போட்டிருக்கிறார். நான் போகிறேன், புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறார்கள், நன்றாகப் படித்தவர்கள் என்று உங்களைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"தண்ணி வுடுன்னு சொல்றது ஒரு தபா போதும். வேணாம்னு சொல்றத மட்டும் ரெண்டு தபா சொல்லச் சொல்லு. ஒரு தபா சொன்னா பயமா கீது."

அலுவலகம் திரும்பியதும் அன்றைக்கே செய்துவிட்டேன். "வேண்டாம்" என்ற குரல் செய்தி இப்போது இரண்டு முறை ஒலிக்கும். நீங்கள் பார்த்தால், யாரோ தெரியாமல் ஒரே பதிவை இரண்டு தடவை ஏற்றிவிட்டார்கள் என்று தோன்றும். பிழை இல்லை அது. சரிசெய்துவிடாதீர்கள்.